சிரிக்காமல் எழுந்து போனவர்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று திரும்ப வேலைக்குப் போனேன். செக்கிங் டேபிளில் என் இடம் அப்படியேதான் இருந்தது. என் கத்தரியை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். பனியனைத் திருப்பித் தையல் பார்ப்பது, பிரிந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது, நூல் வெட்டுவது. கை மறக்கவில்லை. அயர்ன் செக்சன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் நின்ற டேபிளில் இப்போது ஒரு வடக்கத்திப் பையன் நிற்கிறானாம்.

இந்த டைரி கம்பெனியில் பொங்கலுக்கு அவருக்குக் கொடுத்தது. "டைரக்டர்னா எழுதோணும் புள்ள. எல்லாத்தையும் மண்டைக்குள்ளயே வெச்சுட்டுத் திரிஞ்சா எப்படி?" என்று என்னிடம் தந்தார். நான் படித்தது எட்டாவது. எழுத்து கோணலாக வரும். முதல் பக்கத்தில் படத்தின் பெயரை எழுதி அடியில் கோடு போட்டதோடு சரி. ஒன்றரை ஷிப்ட். அதுதான் எங்கள் படம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போனில் எடுத்தது. நான் டைரக்டர், அவர் ஹீரோ. பாதிக்கு மேல் எடுத்துவிட்டோம்.

ஆடியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

படத்தை முடிக்கப்போகிறேன். அதை எழுதி வைக்கத்தான் டைரியைத் திறந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

நல்ல தண்ணீர் வரவில்லை. உப்புத் தண்ணீரிலேயே துவைத்தேன். அவர் சட்டைகளைத் துவைக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

சாயங்காலம் தஸ்தகீர் அண்ணன் வந்தார். எங்கள் லைன் வீட்டு முனையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரரின் கூட்டாளி. எங்கள் படத்தில் வில்லன். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"டைரக்டரம்மா, ஒரு சேதி. நம்மூர்ல குறும்பட விழா வெக்கிறாங்க. செலக்ட் ஆனா தியேட்டர்ல, பெரிய ஸ்கிரீன்ல போடுவாங்களாம். ஆயுத பூஜை முடிஞ்ச வாரத்துல அனுப்பிடணும்."

பெரிய ஸ்கிரீன். அவருக்கு இருந்த ஆசையே அது ஒன்றுதான். முதல் நாள் முதல் காட்சிக்குப் போகும்போதெல்லாம் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் ஒரு பை எடுத்து வருவார். மற்ற ஊரில் ஹீரோ வரும்போது பேப்பர் கிழித்து வீசுவார்கள். திருப்பூரில் எங்கள் கூட்டம் பனியன் துண்டை வீசும். மஞ்சள், சிவப்பு, பச்சை எல்லாம் கலந்து திரை முன்னால் பறக்கும். "ஒரு நாளைக்கு என்ற மூஞ்சி மேலயும் இது பறக்கோணும் புள்ள" என்பார்.

உள்ளேயிருந்து அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை என்றால் அவருடைய அம்மா, பாப்பாத்தி. எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் இருவரோடு இருந்தார். இப்போது என்னோடு.

"ஏந் தஸ்தகீரு, எம்பையனப் பாடையில படுக்க வெச்சுப் படம் புடிச்சீங்களே, அதப் பெருசாப் போட்டுக் காட்டோணுமா? ஊரே பாக்கோணுமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"செத்தாப்புல நடிச்சா எந்திரிச்சதும் சிரிக்கோணும்னு நீதான சொன்னே? சிரிக்க வெச்சாளா இவ? கேளு. வெச்சாளான்னு கேளு."

அது சினிமாக்காரர்களின் வழக்கம். தஸ்தகீர் அண்ணனின் மாமா கோடம்பாக்கத்தில் லைட் தூக்கியவர், அவர் சொன்னது. பிணமாக நடிக்கிறவர், கட் சொன்னதும் கேமராவைப் பார்த்து ஒரு தரம் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆகாது. நாங்கள் பாடை சீன் எடுத்தது ஆனியில். அன்று சிரிப்பை எடுக்கவில்லை. அடுத்த மாதம் காய்ச்சல்.

அரிசி களைந்து உலை வைத்தேன். சாப்பிடவில்லை. தட்டில் போட்டது ஆறிவிட்டது, மூடி வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாடை சீனைத் தவிர, போனில் இருப்பதையெல்லாம் வரிசையாகப் பார்த்தேன். எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்தால்தான் வேலை நடக்கும்.

கதை சின்னது. லைன் வீடுகளை இடித்துத் தள்ள வில்லன் வருகிறான். அயர்ன் மாஸ்டர் தடுக்கிறான். வில்லன் ஆட்கள் அவனை அடித்துப் போட்டுவிடுகிறார்கள். பாடை கட்டி, நெற்றியில் காசு வைத்து, அம்மா அழுது, இடைவேளை. கடைசியில் வில்லன் ஜேசிபியோடு வரும்போது, செத்தவன் திரும்பி வருகிறான்.

சுகந்தி அன்றே கேட்டாள். அவள் ஓவர்லாக் டெய்லர், தேனிப் பக்கத்துக்காரி, எங்கள் ஹீரோயின். "ஏண்டி, செத்தவன் எப்படிடி வருவான்? டாக்டர் சீன் ஏதும் வெப்பியா?"

அவர்தான் பதில் சொன்னார். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சுகந்தி. வரவேண்டிய நேரத்துக்குக் கரெக்டா வந்துட்டாப் போதும். தியேட்டரே எந்திரிச்சு நிக்கும்."

உண்மைதான். நாங்கள் பார்த்த பெரிய படங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். இடைவேளையில் செத்தால் கிளைமாக்ஸில் வருவார்கள்.

செத்தது இருக்கிறது. திரும்பி வருவதை எடுக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஓவர்டைம். தீபாவளி ஆர்டர். கண் எரிச்சல், நூல் தூசி.

செப்டம்பர் 19, வெள்ளி

டீ டைமில் மாடிப்படியில் உட்கார்ந்து பாடை சீன் பார்த்தேன். இதுவரை அதைத் திறக்கவில்லை. எங்கே வெட்டுவது என்று பார்க்க வேண்டும் அல்லவா, அதனால் திறந்தேன்.

அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார். எடுத்த அன்றே சுகந்தி மிரண்டுபோய், "யாத்தி, உங்க மாமியாவுக்கு அவார்டு குடுக்கணும்டி" என்றாள். அவர் அசையாமல் கிடக்கிறார். மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. "கட்" என்று என் குரல். வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவேன். அன்று போனை நிறுத்த மறந்திருக்கிறேன். படம் ஓடுகிறது.

என் குரல் மறுபடி வருகிறது. "ஏனுங்க, அப்படியே இருங்க, இங்க பாத்து ஒருக்கா சிரிச்சிருங்க. அண்ணன் சொல்லுச்சில்ல."

அவர் பஞ்சை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பப் பார்க்கிறார்.

அப்போது படத்துக்கு வெளியேயிருந்து ஒரு குரல். "டேய், சோறு ஆறுதுடா, வா!"

"இதா வந்துட்டேம்மா!" நெற்றியில் ஒட்டிய காசோடு, கட்டிய காலோடு குதித்துக் குதித்துப் போகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர் முகம் தெரியவில்லை. முதுகு போகிறது. காலிப் பாடை.

பெல் அடித்துவிட்டது. மேலே போய் நூல் வெட்டினேன். சூப்பர்வைசர், "ஏம்மா, நல்ல பீசுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டறே?" என்று சத்தம் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பழையபடி ஆரம்பித்தார். "சிரிக்க வெக்க மறந்தவதான நீ."

"ஆமாங்கத்தை" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

அந்தத் துண்டைத் தனியாக வெட்டி வேறு போல்டரில் போட்டேன். பாடை சீன் இனி என் "கட்"டோடு முடியும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சினிமாவுக்குப் போனேன்.

பெரிய ஹீரோ படம், இந்த வாரம் வந்தது. பெயர் எழுதவில்லை, எழுதினால் இந்த லைனில் பாதி வீட்டுக்கு என்மேல் கோபம் வரும். சுகந்தி இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள். "நீ வரலைன்னா நான் ஒத்தையில உக்காந்து விசிலடிக்கணும். எனக்கு விசிலும் வராது. வாடி" என்றாள்.

துக்கம் நடந்த வீட்டுப் பெண் வருஷம் திரும்பாமல் தியேட்டருக்குப் போகலாமா என்று தெருவில் பேசுவார்கள். பேசட்டும். ஹீரோ எப்படித் திரும்பி வருகிறான் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அவரோடு போகும்போது ஒரு படத்தை இரண்டு தரம் பார்ப்போம். முதல் தரம் கத்துவதற்கு. இரண்டாம் தரம், கேமராவை எங்கே வைத்திருக்கிறான் என்று நான் பார்ப்பதற்கு. அவர் இரண்டு தரமும் கத்துவார்.

இன்று நான் முதல் தரத்திலேயே கேமராவைப் பார்த்தேன். கிளைமாக்ஸில் ஹீரோ வருகிறான். முதலில் செருப்பு. தூசி. கை, சட்டையை மடித்து விடுகிறது. பிறகு முதுகு. எதிரில் நிற்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக. டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே போடுகிறார். வில்லன் கண்ணாடியைக் கழற்றுகிறான். தியேட்டர் அதிர்கிறது, விசில், முன் வரிசையில் மேலே ஏறி நின்று ஆடுகிறார்கள்.

அப்போதுதான் பிடிபட்டது. இவ்வளவு சத்தத்துக்கும் ஹீரோவின் முகத்தை இன்னும் காட்டவே இல்லை. பார்க்கிறவர்களின் முகத்துக்கே இவ்வளவு விசில்.

"என்னடி, படத்தைப் பாக்காம பின்னாடி திரும்பிக்கிட்டு ஜனத்தைப் பாக்குற?" என்றாள் சுகந்தி.

"முகமே வேண்டாம் சுகந்தி" என்றேன்.

"யாரு முகம்?"

"அவர் முகம். அவர் இல்லாமயே அவரைக் கொண்டாந்துரலாம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

செப்டம்பர் 22, திங்கள்

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ற பையன் போயி மூணு மாசங்கூட ஆவல. நீ படம் பாத்துப்போட்டு வாரே."

"படிக்கப் போனேனுங்கத்தை."

"என்ன படிப்பு அது? தியேட்டருக்குள்ள?"

சொன்னேன். செருப்பு, கை, முதுகு, பார்க்கிறவர்கள் முகம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி ஷாட் அம்மாவின் முகம் என்றும் சொன்னேன். மகன் வாசலில் வந்து நிற்பதை அம்மா பார்க்கிறாள். அவனைக் காட்டவே வேண்டாம், அந்த முகம் போதும். அந்த அம்மா நீங்கள்தான் அத்தை, வேறு ஆளை வைக்க முடியாது, முதலிலிருந்து நீங்கள்தான் வருகிறீர்கள்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"வராதவன வந்துட்டான்னு நான் பாக்கோணுமா? கண்ணுல என்னத்த வெச்சுப் பாக்கறது?"

இருவரும் சாப்பிடவில்லை. சோறு ஆறிவிட்டது, தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

போனைக் காணோம். அவருடைய போன். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். படம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. வேறு எங்கும் ஏற்றி வைக்கவில்லை. அண்ணன் எத்தனை தரம் சொன்னார்.

அத்தை காலையில் எங்கோ போய்விட்டு மத்தியானம் வந்தாராம். கேட்டேன். "தெரியாது" என்றார்.

போன் வந்தாலும் வராவிட்டாலும் படத்தை முடிப்பேன். முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் முதலிலிருந்து. யாரை வைத்து என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

வேலை விட்டு வரும்போது தஸ்தகீர் அண்ணன் கடையிலிருந்து கூப்பிட்டார். மேசை டிராயரைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தார்.

"அம்மா கொண்டாந்து குடுத்தாங்க. உள்ள இருக்கற படத்தையெல்லாம் அழிச்சுப்போடு, ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னாங்க."

நான் அவசரமாகப் போனைத் திறந்தேன்.

"அழிக்கலம்மா. அழிக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா காட்டுன்னாங்க. ஸ்டூல் போட்டுக் குடுத்தேன். மச்சான் சைக்கிள்ல டீ கொண்டாற சீன் இருக்கில்ல, கீழ விழுந்து எந்திரிச்சு ஸ்டைலாத் தலையச் சீவுவானே, அதப் போட்டேன். இன்னொருக்கா போடுன்னாங்க. கடைக்கு வந்த ஆளெல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க, இவங்க நகரவே இல்ல. சாப்பாட்டு நேரம் வரைக்கும் அதையேதான்."

"அப்புறம்?"

"எந்திரிச்சு சேலைய உதறிக்கிட்டு, இது உங்கிட்டயே இருக்கட்டும்னு போயிட்டாங்க." அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா அழிக்கச் சொன்னாங்கன்னு நான் உங்கிட்டச் சொல்லவே இல்ல. சரியா? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். இனி ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது."

வீட்டுக்குப் போனேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "போன் கிடைச்சுதுங்கத்தை, துணிக்குள்ளயே இருந்துது" என்றேன்.

"நல்லாத் தேடிப்பாத்தாத்தான?" என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

வேலைகள் ஒவ்வொன்றாகத் தீர்கின்றன. ஆயுத பூஜையன்று எல்லாருக்கும் மத்தியானத்தோடு லீவு. அன்று பொழுது சாயும்போது எங்கள் லைன் சந்தில் வெளிச்சம் நீளமாக விழும், நிழல் முதலில் வரும், ஆள் பின்னால் வருவான். அந்த நேரத்தில் எடுக்க வேண்டும். ஜேசிபி கிடைக்காது. சத்தம் மட்டும் போதும், அண்ணன் போனில் பிடித்து வந்துவிட்டார்.

காலும் கையும் முதுகும் யாருடையது என்பதுதான் பாக்கி. அண்ணன் குண்டு. மற்ற ஆண்களைக் கேட்டால், செத்தவன் சட்டையைப் போடமாட்டேன் என்கிறார்கள். தப்பில்லை.

என் உயரம் அவர் தோள் வரை. முதுகைத் தனியாகக் காட்டினால் உயரம் தெரியாது. நானே போட்டுக்கொள்கிறேன். அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன். செருப்பு பெரிது. முன்னால் கட்டிங் வேஸ்ட் அடைத்துப் போட்டுப் பார்த்தேன், நடக்க முடிகிறது. அவர் நடை எனக்கு வரும். வலது காலைக் கொஞ்சம் வெளியே வீசி நடப்பார்.

கண்ணாடி முன்னால் கையை மடித்துப் பார்த்தேன். வளையல் இல்லாத கை. அது ஒரு வசதி.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் அடுப்படியில் அத்தை, திரும்பாமலே கேட்டார்.

"கடசீல அவன் வந்துருவானா?"

"வந்துருவாருங்கத்தை."

"வந்து?"

"வந்து நிப்பாரு. வில்லன் ஓடிருவான். யாரு வீடும் இடியாது."

அத்தை கரண்டியைக் கழுவினார். கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினார்.

"அப்ப நான் எங்க நிக்கோணும்?"

அக்டோபர் 1, புதன்

காலையில் கம்பெனியில் பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். குங்குமத் தட்டு என்னைத் தாண்டிப் போனது. பொரி வந்தது. அயர்ன் டேபிளில் இருந்த பையன் சுவரோரமாக விலகி எனக்கு இடம் விட்டான். ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவனாகவே செய்தான். அந்த அயர்ன் பாக்ஸுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

மத்தியானம் வந்து உடை மாற்றினேன். அவருடைய பேண்டை மூன்று மடிப்பு மடித்தேன். சட்டையில் இன்னும் அயர்ன் வாசம். சந்தில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சுகந்திதான், "வாங்க மாஸ்டர், டீ சாப்பிடுறீங்களா?" என்றாள். அப்புறம் பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்களும் சிரித்தார்கள், மூச்சு விட முடிந்தது.

முதலில் செருப்பு. சுகந்தி போனைத் தரையில் வைத்துப் பிடித்தாள். இரண்டு தரம் அவளுடைய தாவணி முனை வந்து கெடுத்தது. பிறகு கை மடிப்பது. பிறகு முதுகு. வெளிச்சம் நான் நினைத்த மாதிரியே விழுந்தது. என் நிழல் அவர் அளவுக்கு நீண்டிருந்தது.

அப்புறம் நான் போனை வாங்கிக்கொண்டேன். பார்க்கிறவர்களின் முகங்கள். டெய்லர் கடைக்காரர் டேப்பைக் கீழே விட்டார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தஸ்தகீர் அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினார். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, நீங்க வில்லன். பயப்படணும். அழக்கூடாது."

"பயத்துல வந்த அழுகைன்னு வெச்சுக்கம்மா" என்றார். வைத்துக்கொண்டேன்.

கடைசியில் அத்தை. நல்ல சேலை கட்டி, தலை சீவி, வாசலுக்கு உள்ளே காத்திருந்தார். நான் சொல்லிக்கொடுத்தேன். "ஆக்‌சன்னு சொன்னதும் வெளிய வாங்க. போனைப் பாக்காதீங்க. எனக்கு மேல பாருங்க. அவரு என்னைவிட உயரம்."

"அவன் உயரம் எனக்குத் தெரியாதா? சொல்ல வந்துட்டா."

"வசனம் ஒண்ணும் இல்லீங்கத்தை. பாத்தாப் போதும்."

ஆக்‌சன் சொன்னேன்.

அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தலையைத் தூக்கினார். சொன்ன இடத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தார். மடித்த கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், நேராக. அத்தையின் முகத்தில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவர் வரும்போது எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

"ஏண்டா இத்தன நேரம்?" என்றார். "சோறு ஆறுதுடா, வா."

நான் கட் சொல்லவில்லை. போன் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன்தான் பின்னாலிருந்து மெதுவாகக் கட் சொன்னார்.

அத்தை படி இறங்கி வந்து கையை நீட்டினார். "போனக் குடு."

கொடுத்தேன். அழிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கொடுத்தேன்.

"எங்க அமுக்கோணும்? இந்தச் செவப்பையா?" போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "சிரிக்கறது ஒண்ணு பாக்கி கெடக்குதில்ல. சட்டை உன்ற மேல இருக்குது. நீ சிரி."

"அத்தை…"

"அன்னிக்குச் சோத்துக்குக் கூப்புட்டது நாந்தான். நீ சிரிங்கன்னு சொல்லிட்டிருந்தே. நாந்தான் கூப்புட்டேன். உனக்குத் தெரியும்."

"எனக்கு ஞாபகமில்லீங்கத்தை."

அத்தை போனுக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நடிக்கத் தெரியாதவளெல்லாம் டைரக்டரு" என்றார். "சிரி."

முதல் டேக் சரியாக வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. வாய் இழுத்துக்கொண்டு போனது. அடுத்த தரம் சுகந்தி அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சூப்பர்வைசர் நடப்பதை நடித்துக் காட்டினாள். அதை இங்கே எழுத முடியாது. வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது.

பார்த்தால், பாதிப் படத்தை அத்தையின் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில் நீலக் கட்டமும் என் பல்லும்.

அண்ணன் சந்து முனையில் பூசணிக்காய் உடைத்தார். ஷூட்டிங் முடிந்தால் அது உண்டு. "வண்டி வார எடத்துல உடைக்கறான் பாரு, வழுக்கி உழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று அத்தை விளக்குமாறு எடுத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 4, சனி

அண்ணன் கடையில் உட்கார்ந்து ஒட்டி முடித்தோம். அத்தையின் வசனத்தை எடுத்துவிடவா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம், அதில்தான் படம் முடிகிறது என்றேன். எழுத்துப் போடும்போது "கதாநாயகன்: நந்தகுமார்" என்று முதலில். "இயக்கம்: கோகிலவாணி" என்று அடிக்கையில் அண்ணன் ஒரு துணைக்காலை விட்டுவிட்டார், திருத்தச் சொன்னேன்.

அனுப்பியாகிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

செலக்ட் ஆகிவிட்டது. கம்பெனியில் சொல்லவில்லை. சுகந்தி சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலைக் காட்சி நேரத்தில் போட்டார்கள். எங்கள் லைனே வந்திருந்தது. வேறு படங்கள் நிறைய. காலேஜ் பிள்ளைகள் நல்ல கேமராவில் எடுத்தவை. எல்லாம் சோகம். யாரும் விசிலடிக்கவில்லை. விழா நடத்துகிறவர் முன்னாலேயே சொல்லிவிட்டார், இது ரசிகர் காட்சி இல்லை, அமைதியாகப் பார்க்க வேண்டும் என்று.

பிறகு எங்கள் படம். அவர் முகம் திரை அளவுக்கு வந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம் ஒரு தட்டு அகலம். சைக்கிளிலிருந்து விழுந்ததும் தியேட்டர் சிரித்தது. பாடை வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணை எடுக்கவில்லை.

செருப்பு வந்தது. தூசி. கை மடிப்பு. முதுகு. பின் வரிசையில் யாரோ ஒரு விசில். டேப்பை விட்ட டெய்லர் கடைக்காரரின் முகம். இன்னும் நாலு விசில். என் பக்கத்தில் ஏதோ அசைந்தது.

அத்தை எழுந்து நின்றிருந்தார். மடியை அவிழ்த்தார். மடி நிறையக் கட்டிங் வேஸ்ட், மஞ்சள், சிவப்பு, பச்சை. எங்கே சேர்த்தார், எப்போது சேர்த்தார் என்று தெரியாது. இரண்டு கையாலும் அள்ளித் திரையைப் பார்த்து வீசினார். பாதி முன் வரிசைக்காரர் தலையில் விழுந்தது. திரையில் அத்தையின் முகம் வந்தபோது அதன் மேலேயே பறந்தது. "சோறு ஆறுதுடா, வா." தியேட்டரே எழுந்து நின்றது. அவர் சொன்ன மாதிரிதான்.

பரிசு வேறு படத்துக்குப் போனது. நல்ல படம். தண்ணீர் லாரியைப் பற்றியது.

வெளியே வந்ததும் சுகந்தி, "அடுத்த படத்துல எனக்குப் பாட்டு இல்லைன்னா நான் வரமாட்டேன் பாத்துக்க" என்றாள். இருக்கிறது என்றேன். கதையும் ஒன்று இருக்கிறது. நாளைக்கு இதிலேயே எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து சேலையை உதறினேன். ஒரு மஞ்சள் துண்டு விழுந்தது, எடுத்து டைரியில் வைத்தேன். அடுப்படியில் அத்தை தட்டு வைத்துக் கூப்பிட்டார்.

சூடாகவே சாப்பிட்டேன்.